தேவாங்குக்கு இருட்டு

“இதையும் கொன்னுட்டா இடம் காலியாயிடும்,” என்று சொல்லிக்கொண்டே சேந்தன் முயலின் தலையில் கோடாரியை இறக்கினான்.

முயல் சின்னப் புகையாகி மறைந்தது.

“யாரு சொன்னா?” என்று காதுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது.

“வீடியோவுல பார்த்தேன். சாதாரண மிருகம் நிறைய இருந்தா அபூர்வமானது வராதாம்.”

“முயலைக் கேட்டீங்களா?”

அவன் கோடாரியைத் தாழ்த்தினான்.

அவளுடைய உண்மைப் பெயர் அவனுக்குத் தெரியாது. மண்ணும் மரமும் மாடும் கட்டம் கட்டமாக இருக்கும் அந்தக் கணினி விளையாட்டில் அவளை எல்லாரும் வாத்து என்றார்கள். மஞ்சள் உடம்பு, ஆரஞ்சு மூக்கு. அங்கே ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்ளலாம். கூப்பிட்டால் வாத்து அங்கே வருவாள். அவள் வந்துபோன உலகங்களில் வராத மிருகங்களெல்லாம் வந்திருக்கின்றன என்று பேச்சு. எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

“உங்களுக்குத் தேவாங்குதானே வேணும்?”

“ஆமா, மேடம்.”

“வாத்து.”

“ஆமா, வாத்து.” நாற்பது தாண்டிய பிறகு ஒருவரை அப்படிக் கூப்பிட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. குரலை வைத்துப் பார்த்தால் அவளுக்கு முப்பதுகூட இருக்காது.

“எதுக்கு?”

சேந்தன் ஒரகடத்தில் தனியாக இருந்தான். மகள் அமுதினி அவள் அம்மாவோடு திருப்பூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் அங்கிருந்து இந்த உலகத்துக்குள் வருவாள், இவன் இங்கிருந்து வருவான். வீடு இரண்டான பிறகு அப்பாவும் மகளும் பெரும்பாலும் இங்கேதான் பார்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் அவள் சொன்னாள்: “உன் உலகத்துல எதுவுமே வர்றதில்லப்பா. ஸ்நேகாவோடதுல தேவாங்கு வந்துருச்சு. இனிமே ஞாயித்துக்கெழம அங்க போகட்டுமா?”

“போயேன்,” என்றான் அவன்.

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் இந்தக் காட்டில்தான் கிடந்தான்.

இதில் பாதியை வாத்திடம் சொன்னான்.

“இன்னைக்கு நாலு மணிக்கு வருவா. கடைசியா ஒரு தடவை பார்க்கறேன்னு சொல்லியிருக்கா. நான் என்ன பண்ணணும்?”

“காட்டைக் காட்டுங்க.”

இரண்டு பேரும் நடந்தார்கள். மரத்துக்கு மரம் தீப்பந்தம் சொருகியிருந்தது. குளக்கரையில் வரிசையாக. புதருக்குள்ளும்.

“யாருக்குக் கல்யாணம்?” என்றாள் வாத்து.

“இல்ல, இருட்டா இருந்தா பேய் உருவாகுமில்ல? அதுக்குத்தான்.”

“ஏதாவது வந்துச்சா?”

“இதுவரைக்கும் ஒண்ணுகூட வரல,” என்றான். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

வாத்து குளத்தை ஒட்டியிருந்த ஒரு பலாமரத்தடியில் போய் நின்றாள். பிறகு, “ஐயோ, பால் வெச்சேன். இருங்க,” என்றாள்.

அவள் உருவம் பலாமரத்தடியில் அப்படியே நின்றது. காதில் பாத்திரச் சத்தம் கேட்டது. யாரோ ரிமோட் எங்கே என்று கேட்டார்கள்.

சேந்தனால் சும்மா நிற்க முடியவில்லை. ஒரு சுற்று போனான். ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தான். கிளைகளில் ஒன்றுமில்லை.

திரும்பி வந்தபோது வாத்தின் காலடியில் முயல்கள் இருந்தன. அவனுடைய கோடாரிக்குத் தப்பியவை. கொஞ்சம் தள்ளி ஒரு மான் நின்றது. இவ்வளவு நாளில் அவன் அந்தக் காட்டில் மானைப் பார்த்ததில்லை.

ஓர் அடி முன்னால் வைத்தான். எல்லாம் ஓடிவிட்டன.

“பொங்கிருச்சு,” என்று வாத்தின் குரல் திரும்பி வந்தது. “அடுப்பெல்லாம் பால்.”

“நீங்க இல்லாதப்ப ஒரு மான் வந்துச்சு. உங்க பக்கத்துலயே நின்னுச்சு.”

“அப்படியா? நான் பார்க்கலையே.”

அவள் பலாமரத்திலிருந்த பந்தத்தைப் பிடுங்கினாள்.

அந்த மரத்தடி இருண்டது. அவள் அடுத்த மரத்துக்குப் போனாள்.

“பேய் வரும்,” என்றான் சேந்தன்.

“வரட்டும்.”

“அவ வர நேரம்.”

வாத்து அதற்கடுத்த மரத்துக்குப் போனாள். சேந்தன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் பிடுங்க ஆரம்பித்தான்.

விளையாட்டில் சூரியன் சதுரமாக இறங்கியது. அவனுடைய ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெயில். எதிர் மாடிக் கொடியில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. திரையில் மட்டும் காடு கறுத்துக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒரே ஒரு பந்தம் மிஞ்சியது. மரவீட்டின் வாசலில் இருந்தது.

“இது யாருக்கு?”

“அமுதினிக்கு. அவளுக்கு இருட்டுன்னா பயம்.”

“எப்ப?”

“எப்பவும்தான். லைட்டை அணைச்சா என் லுங்கியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா.”

“அது எப்ப, அண்ணா?”

சேந்தன் யோசித்தான்.

“ஆறு வயசுல,” என்றான்.

“இப்ப?”

“பதினொண்ணு.” பிறகு சொன்னான்: “இப்ப எப்படித் தூங்கறான்னு தெரியல.”

வாத்து பந்தத்தின் மேல் கைவைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“இதை நான் எடுக்க மாட்டேன்.”

“நான் எடுக்கணுமா?”

“எனக்கெப்படித் தெரியும்? உங்க பொண்ணு.”

“தேவாங்கு வருமா? அதையாவது சொல்லிட்டுப் போங்க.”

“அடுப்பு தொடைக்கணும்ணா. காய்ஞ்சா போகாது.”

வாத்து வெளியேறினார் என்று திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது.

அவன் வாசலுக்கும் குளத்துக்குமாக இரண்டு தடவை நடந்தான். பந்தத்தை எடுக்கவில்லை. கோடாரியை வாசலிலேயே போட்டுவிட்டுக் குளக்கரையில் போய் உட்கார்ந்தான்.

அமுதினி உள்ளே வந்தார் என்று எழுத்து வந்தது.

வழக்கமாக அந்த எழுத்தைப் பார்த்ததும் ஓடுவான். வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொள்வான். ரொட்டி தருவான், கவசம் தருவான், அங்கே பள்ளம் இங்கே பள்ளம் என்பான். இன்றும் பாதி எழுந்துவிட்டான்.

உட்கார்ந்தான்.

“அப்பா, எங்க இருக்க?”

“குளத்துக்கிட்ட.”

“ஏன் இப்படி இருட்டாக் கெடக்கு?”

“பந்தத்தையெல்லாம் எடுத்துட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“வாசல்ல ஒண்ணு விட்டிருக்கேன்.”

வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டுமா என்று கேட்க அவனுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

காட்டுக்குள் எங்கோ ஒரு முனகல் கேட்டது.

“அப்பா, பேய்.”

“ம்.”

“இங்க வந்ததே இல்லையே. உனக்குப் பயமா இருக்கா?”

“கொஞ்சம்.”

அமுதினி சிரித்தாள். “சும்மா சொல்லாத.”

“நெஜமாத்தான். கையில கோடாரிகூட இல்ல.”

அவள் மறுபடி சிரித்தாள். அந்தப் பக்கம் போன் சிணுங்கியது.

“ஸ்நேகா மெசேஜ் பண்றா. வரியா இல்லையான்னு கேக்கறா.”

இருடா, இன்னும் கொஞ்ச நேரம் இரு, வந்துரும். இந்த வாரம் முழுக்க அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

“சரிம்மா,” என்றான்.

வெகுநேரம் சத்தமே இல்லை. போய்விட்டாளோ என்று அவன் திரையின் ஓரத்தைப் பார்த்தான். எழுத்து எதுவும் வரவில்லை.

“அப்பா.” அவள் குரல் கிசுகிசுப்பாக மாறியிருந்தது. “குளத்துக்கு மேல, அந்தப் பலாமரத்துல, ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“தலையைத் தூக்காத. நீ அசைஞ்சா ஓடிரும்.”

“நான் உக்காந்துதான் இருக்கேன்.”

“அப்படியே இரு. நான் வரேன்.”

தொலைவில் வாசல் பந்தத்தின் வெளிச்சத்தில் அவளுடைய சின்ன உருவம் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பிறகு அவள் கைபட்டு அந்த வெளிச்சமும் போனது.

இருட்டில் புல்லின்மேல் காலடிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சேந்தன் மரத்தைப் பார்க்காமல், சத்தம் வராமல், பக்கத்தில் இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.