காலைப் பாருங்க

பிரான்சில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில் நாற்பது வருஷம் ஆர்கன் வாசித்தவர் அவர். மூன்று சிம்பொனிகளை எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆர்கன்காரருக்கு ஆர்க்கெஸ்ட்ரா எதற்கு என்று யாரும் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

புதுச்சேரியில் அமலோற்பவம் பார்த்தாள். முப்பது பேர் கொண்ட இசைக்குழுவை நடத்துகிறவள். இரண்டாவது சிம்பொனியை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தன் கையாலேயே பிரதி எடுத்தாள். இரண்டு வருஷம் ஆயிற்று. ஒத்திகையில் அது கூழாகக் குழைந்தது.

"சனிக்கிழமை இன்னொரு தரம் கேப்பேன். இப்படியே இருந்தா எடுத்துட்டு ஏதாவது வால்ட்ஸ் நடன இசை போட்டுடலாம்" என்றார் குழுவின் செயலாளர் தெய்வநாயகம்.

அவளா விடுவாள்? நேரே சூசைமாணிக்கத்திடம் போனாள். அவளைவிட எட்டு வயது சின்னவர்தான். ஆனால் அவளுக்கு ஆர்கன் சொல்லிக்கொடுத்தவர், அதனால் மாஸ்டர்.

"மெட்டே இல்லைங்கறாங்க மாஸ்டர். எனக்கும் கேக்கலை. ஆனா விட மனசு வரலை."

அவர் ஆர்கன் முன் உட்கார்ந்து வாசித்தார். விரல்கள் பறந்தன. அவள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"என்ன பாட்டு இது அக்கா?"

"தெரியலையே."

மறுபடி வாசித்தார்.

"இப்ப?"

"இல்ல மாஸ்டர்."

"என் கையையே பாக்கறீங்க. காலைப் பாருங்க."

கீழே, ஆர்கனின் அடிக்குரலை எழுப்பும் மரக்கட்டைகளை மிதித்தபடி அவர் கால்கள் நிதானமாக நடந்துகொண்டிருந்தன. அவை வாசித்தது அவள் பத்து வயதிலிருந்து தேவாலயத்தில் பாடும் நற்கருணைப் பாட்டு. ஆர்கன் படித்தவளுக்கே இது கேட்காமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் சிம்பொனியின் நோட்டைப் பிரித்தாள். மெட்டு முழுக்க அடிக்குரலில் ஒலிக்கும் ஆளுயர டபுள் பேஸ் வாத்தியங்களிடம் இருந்தது. அவற்றை வாசிப்பவர்களிடம்தான் ஒவ்வொரு ஒத்திகையிலும், "மெதுவா வாசிங்க, வயலினை மூடாதீங்க" என்று சொல்லி வந்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வயலின்களுக்கு முதுகைக் காட்டி, பேஸ்களைப் பார்த்து நின்றாள்.

"எங்களைப் பாக்காம நாங்க எப்படி வாசிக்கறது?" முதல் வயலின்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"அவங்களைக் கேட்டு வாசிங்க. அவங்க சத்தத்துக்குள்ளயே இருங்க."

முதல் தடவை தடுமாறியது. அவள் நிறுத்தினாள். மறுபடி. நாலாவது தடவை அடியிலிருந்து மெட்டு எழுந்து வந்தது. வயலின்கள் அதன் மேல் சலசலத்துக்கொண்டிருந்தன. தெய்வநாயகம் பாதியிலேயே நாற்காலியை இழுத்து பேஸ் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முடிந்ததும் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சனங்க வயலினைத்தானே பாப்பாங்க? இது எங்க அவங்க காதுல விழப்போகுது?"

ஒத்திகை கேட்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த மாஸ்டரிடம் அமலோற்பவம் திரும்பினாள். "எனக்கும் அதே பயம்தான் மாஸ்டர்."

சூசைமாணிக்கம் செயலாளரின் நாற்காலியைப் பார்த்தார்.

"ஐயாவைத் திரும்பி உக்காரச் சொன்னது யாரு அக்கா?"