கிழக்குக் கிளையில் எறும்பில்லை

ஆற்றங்கரைக் காடு ஒன்றில் ஓர் அணில் இருந்தது. எதைக் கண்டாலும் "ஏன்? எப்படி?" என்று துருவித் துருவிக் கேட்கும். அதனால் அதன் பெயரே துருவி என்றாகிவிட்டது.

துருவியின் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு மாமரம். அதை நம்பித்தான் அதன் குட்டிகளின் வயிறு இருந்தது. அந்த ஆண்டு மரம் கொள்ளாத காய். கிளைக்குக் கிளை முசுறு என்னும் சிவப்பு எறும்புகள் இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருந்தன.

ஒருநாள் குரங்கு வந்து மரத்தில் கை வைத்தது. சுருக்கென்று கடி! கையை உதறிக்கொண்டு கீழே குதித்தது.

"துருவி அக்கா, இந்த எறும்புகள் உன் மரத்தையே அழித்துவிடும். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி வளர்க்கின்றன, பார்! எல்லாவற்றையும் துரத்திவிடு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

துருவி இலையைத் திருப்பிப் பார்த்தது. உண்மைதான். வெள்ளை வெள்ளையாய் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. சாறு போன இலை சுருண்டிருந்தது.

"இது என்ன?" என்று எறும்புத் தலைவியைக் கேட்டது.

"அவை எங்கள் கறவை மாடுகள். இனிப்பு நீர் தரும்," என்றது தலைவி, கூசாமல். "ஆனால் உன் காய்களைக் காப்பதும் நாங்கள்தான்."

யார் சொல்வது சரி? துருவிக்கு அன்று முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள், "கிழக்குக் கிளையை மட்டும் பத்து நாள் காலி செய்து தருவீர்களா? என்னதான் நடக்கிறது என்று பார்க்கிறேன்," என்று கேட்டது.

"தாராளமாகப் பார்!" என்று எறும்புகள் இறங்கிப் போயின.

மூன்றாம் நாள் கம்பளிப்பூச்சிகள் வந்து கிழக்குக் கிளையின் தளிர்களைத் தின்றன. ஏழாம் நாள் ஈக்கள் அந்தக் கிளையின் காய்களில் முட்டையிட்டன. எறும்புகள் இருந்த கிளைகளை எதுவும் அண்டவில்லை. பத்தாம் நாள் காலையில் பார்த்தால், அதே கிளையில் குரங்கு காலை நீட்டி உட்கார்ந்து, நல்ல காயாகத் தேடிப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது!

"என்ன குரங்கண்ணா, மற்றக் கிளைகளுக்குப் போகவில்லையா?"

"அங்கேதான் அந்தக் கடிக்கிற சனியன்கள் இருக்கின்றனவே..." என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, குரங்கு நாக்கைக் கடித்துக்கொண்டது.

"எறும்புகளே, கிழக்குக் கிளைக்கு வாருங்கள்!" என்று துருவி கூவியது. சிவப்புப் படை திரண்டு வந்தது. குரங்கு கையிலிருந்த காயைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது.

பிறகு துருவி, மாவுப்பூச்சி அப்பிய இலைகளை ஒவ்வொன்றாகக் கடித்துக் கீழே தள்ளியது.

"ஐயோ, எங்கள் மாடுகள்!" என்று தலைவி பதறியது.

"உங்களுக்கென்று இரண்டு இலை விட்டிருக்கிறேன். அதற்கு மேல் மரம் தாங்காது."

தலைவி சற்று யோசித்தது. "மூன்றாக வைத்துக்கொள்ளேன்," என்றது.

துருவி சிரித்துக்கொண்டே அடுத்த இலையைத் தொடாமல் விட்டது.

நீதி: பிறர் பேச்சை நம்பி ஒருவரைத் தள்ளிவிடாதே, கண்ணால் கண்டறிந்து, நன்மையை வைத்துக்கொள், தீமையை மட்டும் களை.