சுரண்ட மறுத்த குமிழி

அலையாத்தி மரங்கள் சூழ்ந்த ஒரு கழிமுகத்தில் உடலை ஓடு மூடிய, எள்ளளவே உள்ள நீருயிர்களான ஓட்டுப்பூச்சிகள் வாழ்ந்தன. ஆற்றுநீர் கலந்த தண்ணீரில் வளர்ந்ததால் அவற்றின் ஓடுகள் புடைப்பு புடைப்பாக இருந்தன.

ஒருநாள் கடலிலிருந்து கொடுக்கன் என்ற பெரிய நண்டு வந்தது. அங்கிருந்த கழி நண்டுகளை மிரட்டித் தலைவனானது. அதனுடன் பளிச்சி என்ற கடல் ஓட்டுப்பூச்சியும் வந்து குடியேறியது. பளிச்சியின் ஓடு வழவழவென்று மின்னியது.

"ஓடென்றால் இப்படி இருக்கவேண்டும்! வரும் மழைக்காலம் முடிவதற்குள் புடைப்புகளைச் சுரண்டி எறியுங்கள்! இல்லாவிட்டால் நசுக்கிவிடுவேன்!" என்று கொடுக்கன் கட்டளையிட்டது.

பயந்துபோன நொய்யன் என்ற ஓட்டுப்பூச்சி, கல்லில் தன் ஓட்டைத் தேய்த்தது. ஓடு விரிசல் விட்டது. அன்றே நொய்யன் இறந்தது.

அதன் அக்கா குமிழி அழுதது. பிறகு நேரே கொடுக்கனிடம் போனது.

"நான் சுரண்டமாட்டேன்! இங்கிருந்து போகவும் மாட்டேன்!"

"என்ன திமிர் உனக்கு!"

"உன் பேச்சைக் கேட்டுத்தான் என் தம்பி செத்தான். நான் கேட்காமலே சாகிறேன். இந்தத் தண்ணீர் கொடுத்த ஓடு இது!"

"மழை முடியட்டும், முதலில் உன்னைத்தான் நசுக்குவேன்!" என்று கொடுக்கன் உறுமியது.

மழை கொட்டியது. ஆறு பெருகி, தண்ணீரில் உப்பு குறைந்தது. பளிச்சிக்கு அங்கே பிறந்த குஞ்சுகள் வளர்ந்து, பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்டன. எல்லாவற்றிலும் புடைப்புகள்!

"ஐயோ, என் பிள்ளைகளுக்கு எப்படி இது வந்தது?"

"இந்தத் தண்ணீரில்தானே வளர்ந்தார்கள்!" என்றது குமிழி.

மழை ஓய்ந்ததும், பத்துக் கழி நண்டுகளோடு கொடுக்கன் வந்தது. குமிழியின் பக்கத்தில் பளிச்சி நின்றது.

"விலகு பளிச்சி! உன் ஓடு நல்ல ஓடு!"

"என் பிள்ளைகளின் ஓட்டைப் பாரும்! அவர்களைத் தொடுவதற்குமுன் என்னை நசுக்கும்!"

"நசுக்குங்கள்!" என்று கொடுக்கன் கத்தியது.

கழி நண்டுகள் அசையவில்லை. அவற்றில் மூத்த நண்டு சொன்னது: "எங்கள் ஓடும் இந்தச் சேற்றின் நிறம்தான். நாளை எங்களையும் தேய்க்கச் சொல்வாய். முடியாது!"

பத்து நண்டுகளும் கொடுக்கனை நோக்கித் திரும்பின. கொடுக்கன் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கடலுக்கே ஓடியது.

வாழும் இடம் தந்த உருவத்தை இழிவென்று சொல்பவன் எவ்வளவு பெரியவனானாலும், அவனுக்குப் பணியக்கூடாது.