பின்சீட்டுத் தூக்கம்

மருதாசலம் தம்முடைய அறுபத்திரண்டாம் வயதில் சீடரானார். குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் நஸ்ரின். கோவை சிங்காநல்லூரில் பழைய வெளிநாட்டுக் கார்களை மட்டும் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் நடத்தி வந்தார்.

மருதாசலம் இருபத்திரண்டு வருஷம் ஒரு மில் முதலாளிக்குக் கார் ஓட்டியவர். முதலாளிக்கு முதுகுத்தண்டில் கோளாறு. வீட்டுக் கட்டிலில் புரண்டுகொண்டே கிடப்பவர், தம்முடைய நீளமான ஜெர்மன் காரின் பின்சீட்டில் ஏறிவிட்டால் மட்டும் கண்ணயர்ந்துவிடுவார். கோவையில் மூடிய கண்ணைச் சேலம் தாண்டித்தான் திறப்பார்.

அந்த முதலாளி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது மருதாசலத்தின் மனைவி நாகமணிக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதன் பிறகு ஆட்டோவில் பத்து நிமிஷம்கூட அவரால் உட்கார முடியவில்லை. பஸ் என்ற பேச்சே இல்லை. இரவில் முழுத் தூக்கமும் இல்லை.

உடுமலையில் நாகமணியின் அக்கா ராமாத்தாள் பக்கவாதத்தில் படுத்திருந்தார். பேச்சு போய்விட்டது. தினமும் அவர் காதில் யாராவது போனை வைப்பார்கள். நாகமணி இந்தப் பக்கம் பேசுவார். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஈரோட்டில் ஒரு டாக்டர், முதலாளி வைத்திருந்த அதே மாடல் காரை விற்கிறார் என்று மருதாசலம் கேள்விப்பட்டார். பத்தொன்பது வருஷத்து வண்டி. புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கும் விலைதான் சொன்னார்கள். பார்த்துச் சொல்லுங்கள் என்று நஸ்ரினை அழைத்துப் போனார்.

நஸ்ரின் ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாங்கய்யா."

"ஏனுங்க அம்மணி?"

"வண்டிக்குத்தான் வயசாச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் வெலைக்கு வயசாகல. ஒண்ணு மாத்துனா இன்னொண்ணு கேக்கும். கூலியும் குடுத்து உங்களுக்குக் கட்டாது."

மருதாசலம் காரின் பின்கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"கூலி குடுக்காம இருக்க ஒரு வழி இருக்குதுங்க. எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே செய்யறேன்."

நஸ்ரின் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையில எட்டு மணிக்கு வந்துடணும்."

வண்டியை வாங்கினார். அப்படித்தான் அவர் சீடரானார்.

முதல் நாள் நஸ்ரின் ஸ்பேனரைக் கையில் கொடுக்கவில்லை. காரை லிஃப்டில் ஏற்றி, அடியில் ஒரு ஸ்டூல் போட்டார்.

"பாருங்க."

"எதைங்க?"

"எல்லாத்தையும்."

மருதாசலம் அன்று முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் இதைப் போன்ற காரின் மேல்புறத்தை மட்டும்தான் துடைத்திருக்கிறார். இப்போது அதன் வயிற்றைப் பார்த்தார். ஒரு சக்கரத்தைத் தாங்க ஐந்து கைகள் இருந்தன. ஒவ்வொரு கையின் மூட்டிலும் ரப்பர். எஃகு எஃகைத் தொடும் இடம் என்று ஒன்றைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் கதவின் உள்பலகையைக் கழற்றினார்கள். உள்ளே கம்பளி போன்ற பட்டை. அதற்குப் பின்னால் இன்னொரு பட்டை. வயர்கள் உரசும் இடமெல்லாம் துணி சுற்றியிருந்தது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து கையால் சுற்றிய துணி. மருதாசலத்துக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"யாரும் பாக்காத இடத்துல எதுக்குங்க அம்மணி இத்தனை வேலை?"

"பாக்கறதுக்கு இல்லீங்க. உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு எதுவும் கேக்கக் கூடாது. அதுக்கு."

மூன்று மாதத்தில் அவர் கற்றுக்கொண்டார். காரைத் தாங்கும் காற்றுப் பைகளில் இரண்டு கசிந்தன. மாற்றினார். பிறகு நாகமணியைப் பின்சீட்டில் ஏற்றி உடுமலைக்குப் புறப்பட்டார். பாதி வழிக்கு முன்பே, கிணத்துக்கடவு வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"திரும்பிடலாங்க."

திரும்பினார்கள். அவர் எல்லா மூட்டு ரப்பர்களையும் மாற்றினார். மறுபடி புறப்பட்டார். மறுபடி கிணத்துக்கடவு. டயர்களை மாற்றினார். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளை மாற்றினார். மூன்றாவது முறை பொள்ளாச்சி வரை போனார்கள். நாகமணி சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் முடியல" என்றார் நாகமணி.

அதைத்தான் மருதாசலத்தால் பொறுக்க முடியவில்லை. அந்த வாரம் உடுமலையிலிருந்து ஒரு செய்தியும் வந்தது. ராமாத்தாள் சாப்பிட மறுக்கிறார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார்.

மருதாசலம் நஸ்ரினிடம் வந்து நின்றார்.

"அம்மணி, நீங்க சொன்னது எல்லாம் செஞ்சேன். சொல்லாததும் செஞ்சேன். முதலாளி வண்டியில இருந்தது இதுல வரலைங்க. இன்னும் எந்தப் பார்ட் பாக்கி?"

நஸ்ரின் காரைச் சுற்றி வந்தார். ஒரு தடவை தனியாக ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து பானெட்டின் மேல் கை வைத்தார்.

"நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நானும் வர்றேன்."

மறுநாள் காலை நாகமணி பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மருதாசலம் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் வழக்கம்போல ஒவ்வொரு முள்ளையும் பார்த்தார். சூடு. ஆயில். பேட்டரி. ஏசியை நிறுத்திவிட்டு எஞ்சின் சத்தத்துக்குக் காதைச் சாய்த்தார்.

நஸ்ரின் பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்து, அவருக்கு முன்னால் இருந்த முட்கள், விளக்குகள் எல்லாவற்றையும் மூடி, டேப் போட்டு ஒட்டினார்.

"ஐயோ, என்னங்க அம்மணி இது! சூடு ஏறுனாத் தெரியாதுங்களே."

நஸ்ரின் பக்கத்துச் சீட்டில் ஏறி, கையளவு ஸ்கேனர் ஒன்றைக் காரோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏசியைப் போட்டார்.

"எல்லாம் இதுல தெரியும். வேகம் கூடுனாலும் நான் சொல்றேன். வண்டியை நான் பாத்துக்கறேன். நீங்க ஓட்டுங்க."

கார் கிளம்பியது. கொஞ்ச தூரம் மருதாசலத்தின் கண் செய்தித்தாளிலேயே போய் முட்டியது. ஏதோ லேசாகக் கடகடத்தது. அவர் கால் சட்டென்று பிரேக்குக்குப் போனது. பின்னால் நாகமணி முனகினார்.

"அது என் டூல்ஸ் பெட்டிங்க. ஓட்டுங்க" என்றார் நஸ்ரின்.

பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அவர் சாலையைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடியில் நாகமணியின் முகம் இருந்தது.

புருவம் நடுவில் முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு வேகத்தடை வந்தது. அவர் நெடுந்தூரத்துக்கு முன்பே காலை எடுத்துவிட்டார். கார் தானாக அடங்கி, ஏறி, இறங்கியது. முடிச்சு அப்படியே இருந்தது. ஆனால் இறுகவில்லை. அடுத்த வளைவை அதைவிட மெல்ல எடுத்தார். கால் பெடலை அழுத்துகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

கிணத்துக்கடவு எப்போது போனது என்று அவர் கவனிக்கவில்லை. பொள்ளாச்சிக்கு முன்னால் அந்த முடிச்சு அவிழ்ந்தது. தென்னந்தோப்புகளின் நிழல் ஒன்றன்பின் ஒன்றாக நாகமணியின் முகத்தின் மேல் ஓடியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு லேசாகப் பிரிந்தது.

மருதாசலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. நஸ்ரினிடம் சொல்ல வாயைத் திறந்தார். நஸ்ரின் விரலை உதட்டின் மேல் வைத்தார்.

இரண்டு டன் எடையுள்ள கார். எத்தனை ஆயிரம் துண்டுகள் சேர்ந்து உருண்டுகொண்டிருக்கின்றன என்று இப்போது அவருக்குத் தெரியும். பாதியை அவரே கழற்றி மாட்டியிருக்கிறார். அத்தனையும் சேர்ந்து, இரண்டு வருஷமாக ஒரு முழுத் தூக்கம் அறியாத ஒருத்தியைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தன. அவர் மூச்சைக்கூட மெல்ல விட்டார்.

உடுமலையில் ராமாத்தாள் வீட்டு வாசலில் கார் நின்றது. மருதாசலம் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் விழித்துக்கொள்வாரோ என்று பயந்தார். வீட்டிலிருந்து ராமாத்தாளின் மருமகள் ஓடி வந்தார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு அவரும் பேசாமல் நின்றார். கால் மணி நேரம் கழித்து நாகமணி கண் திறந்தார்.

"ஏனுங்க, பொள்ளாச்சி வந்துடுச்சா?"

மருதாசலம் கையால் வெளியே காட்டினார். நாகமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அக்காவின் வீட்டு வாசல். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளே அக்காவின் கட்டில் ஓரம் வரை அவர் மெல்ல நடந்து போனார். ராமாத்தாளின் அசையக்கூடிய ஒரு கை எழுந்து தங்கையின் முகத்தைத் தேடியது. கன்னத்தில் வந்து தங்கியது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. மத்தியானம், மருமகள் ஊட்டினால் வாயை மூடிக்கொள்ளும் ராமாத்தாள், நாகமணி ஊட்டியபோது நான்கு வாய் ரசஞ்சாதம் வாங்கிக்கொண்டார்.

மருதாசலம் வெளியே வந்தார். நஸ்ரின் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து ஒட்டிய டேப்பைக் கீறல் விழாமல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பார்ட்டும் மாத்தலைங்களே அம்மணி."

"இல்லீங்க."

"முதலாளிக்கு ஓட்டும்போது எனக்கு யாரும் இதை மூடிக் காட்டலை. தானா வந்துச்சு. கண்ணாடியில அவரோட முகத்தைப் பாத்துக்கிட்டேதான் ஓட்டுவேன். அதே மாடலு. அதே கை, அதே காலு. அன்னிக்குத் தெரிஞ்சது இத்தனை நாளு ஏன் தெரியாமப் போச்சுங்க?"

நஸ்ரின் கடைசி டேப்பையும் எடுத்தார். செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு வண்டி உங்களோடது இல்லீங்களே, ஐயா."