உகோவின் அம்மாவுக்கு ஒரு வார்த்தை

சந்தகுருஸுக்கு அலுத்துவிட்டது. காலமெல்லாம் சரக்குக் கப்பலில் கயிறு இழுத்தபோதுகூட இப்படி அலுக்கவில்லை. ஒரே ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல் மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது.

தூத்துக்குடியில், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்ட வகுப்பறையில், சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். கரும்பலகைப் பக்கத்தில் சிஸ்டர் தெக்லா. அவரைவிட வயதில் இளையவர். பெரு நாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர். காலையிலிருந்து பாடம் நடத்தி அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

“பொதேர். முடிதல். இறந்த காலம் சொல்லுங்கண்ணே.”

“உன்னால் முடிந்தது, புதிஸ்தே. அவனால் முடிந்தது, புதோ. எங்களால், புதிமோஸ். அவர்களால், புதியெரோன்.” கோயில் பிரார்த்தனை மாதிரி தங்குதடையில்லாமல் ஒப்பித்தார்.

“என்னால்?”

“பொதீ.”

“புதே” என்று திருத்தினார் சிஸ்டர்.

“பொதீ” என்றார் மறுபடியும். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். “ஊருக்கெல்லாம் வருது சிஸ்டர், எனக்கு மட்டும் வரமாட்டேங்குது. இந்தச் சனியன் பிடிச்ச வினை ஏன்தான் இப்படி வளையுதோ? மன்னிச்சுக்கோங்க, வாய் தவறிடுச்சு.”

சிஸ்டர் பலகையில் ‘புதே’ என்று இன்னொரு தடவை எழுதினார்.

எல்லாம் போன மழைக்காலத்தில் தொடங்கியது. சந்தகுருஸோடு கப்பலில் வேலை பார்த்த பெரு நாட்டுப் பையன் உகோ, புயலில் கப்பல் ஓரத்துத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் சறுக்கிவிட்டான். சந்தகுருஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். ஆனாலும் உகோ கடலோடு போய்விட்டான். அன்றிலிருந்து அவனுடைய அம்மா சனிக்கிழமை தவறாமல், அங்கே விடிந்ததும், போன் செய்கிறாள். இங்கே அப்போது பொழுது சாய்ந்திருக்கும். ஸ்பானிஷில் கேட்பது ஒரே கேள்விதான்: ‘என் மகனைப் பிடித்து நிறுத்த உன்னால் முடியவில்லையா?’ நோ புதே, முடியவில்லை என்று சொன்னால் போதும். இவர் எதையோ உளறுவார். அவளுக்குப் புரியாது, திரும்பக் கேட்பாள். சிக்னல் இல்லை என்று இவர் போனை வைத்துவிடுவார்.

“இன்னைக்கும் போன் அடிப்பாங்க” என்றார். “நீங்களே பேசிருங்க சிஸ்டர். புண்ணியமாப் போகும்.”

“அவங்க கேட்டது உங்ககிட்ட.”

“எனக்கு இந்த ஜென்மத்துல ஸ்பானிஷ் வராது.”

சிஸ்டர் எழுந்தார். பலகையில் எழுதியிருந்ததை எல்லாம் நிதானமாக அழித்தார்.

“ஸ்பானிஷ் வேண்டாம். அன்னைக்கு நடந்ததைத் தமிழ்ல சொல்லுங்க.”

“அதான் உங்களுக்குத் தெரியுமே. அலை அடிச்சுது. கை வழுக்கிருச்சு.”

“யார் கை?”

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாரே என்று சந்தகுருஸுக்குக் கோபம் வந்தது. கேப்டனிடம் இதைத்தான் சொன்னார். மனைவியிடமும் இதைத்தான். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதே கை வழுக்கின கதைதான். யாரும் யார் கை என்று கேட்கவில்லை.

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தார். பாதி எழுந்து, மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

“வழுக்கலை சிஸ்டர்” என்றார் கடைசியில். “அவன் பாரம் என்னையும் சேர்த்து இழுத்துச்சு. நானும் போயிருவேன்னு பட்டுச்சு. என் பிள்ளைங்க முகம் வந்துச்சு. விட்டுட்டேன். அவன் என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தான், நான் விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதார். சிஸ்டர் தேற்றவில்லை. பலகை துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு எதிர்ப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“இத்தனை நாளா நாம தப்பான வினையைப் படிச்சிருக்கோம்ண்ணே. உங்களுக்கு வேண்டியது வேற. சொல்தே. விட்டுவிட்டேன். இது வளையாது, நேரா வரும்.”

“சொல்தே” என்றார் சந்தகுருஸ்.

“சரியாச் சொன்னீங்க.”

ஒரே தடவையில் வந்துவிட்டது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சட்டைப்பையில் இருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“இதைக் கேட்டா அந்தம்மா போனை வச்சிருவாங்களே சிஸ்டர்.”

“வைக்கட்டும்ண்ணே. பெத்தவங்க. வைக்கிற உரிமை அவங்களுக்குத்தான்.”