மூன்றாவது இலை

தணிகாசலத்துக்குப் பொய் வராது. பக்கத்து வீட்டில் ஆசையாகக் கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு, "அடிப்பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிற மனுஷன். மலையடிவாரத்து மடத்தில் மருதவாண அடிகள் அவனுக்குக் கொடுத்த உபதேசம் அது ஒன்றுதான். உள்ளதைச் சொல். அவனும் அதைக் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டான்.

சித்திரையில் அவன் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆடி பிறப்பதற்குள் நான்கு வயது மகள் தெய்வானை பேச்சை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் பார்ப்பாள். சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான்.

ஆவணி தொடக்கத்தில் தணிகாசலம் மடத்துக்கு வந்தான்.

"சாமி, பிள்ளை ஊமையாவே போயிடுவாளோன்னு பயமா இருக்கு. வைத்தியர் தொண்டையில ஒண்ணும் கோளாறு இல்லைங்கிறார். டவுன்ல இருந்து மரச்சொப்பு, சாவி கொடுத்தா ஆடுற பொம்மை எல்லாம் வாங்கிப் போட்டேன். தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேங்கிறா."

"முன்னே எதை வச்சு விளையாடுவா?"

"மண்ணு, தவிடு, கொட்டாங்குச்சி. அவ அம்மாவோட கொல்லையில உட்கார்ந்து சோறாக்குவா."

"அப்புறம்?"

"அம்மா போன பிறகு ஒருநாள் தனியா ஆக்கினா. மூணு இலை போட்டா. சாப்பிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டா. இது சோறில்லம்மா, மண்ணுன்னேன்."

"மூணு இலை யாருக்கு?"

"ஒரு இலை எனக்கு, ஒண்ணு அவளுக்கு. மூணாவது அம்மாவுக்குன்னா. அம்மா இனிமே வரமாட்டான்னு சொன்னேன். உள்ளதைத்தானே சாமி சொன்னேன்?"

மண்ணை மண் என்று சொல்ல ஓர் உபதேசம் வேண்டுமா என்ன! பிள்ளைக்குத் தெரியாதா? தெரிந்துதானே வாய்வரைக்கும் கொண்டுபோய்க் கீழே போடுகிறது!

அடிகள் எழுந்து மேல்துண்டை எடுத்துக்கொண்டார்.

"வா, உன் வீட்டுக்குப் போவோம்."

வீட்டில் மரச்சொப்பு கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. தெய்வானை கொல்லைவாசல் நிலைப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிகள் அவளைக் கூப்பிடவில்லை. அவளைத் தாண்டிப் போய்க் கொல்லையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தணிகாசலம், ஒரு முறம் தவிடு கொண்டா. செங்கல் துண்டு ஒண்ணு. ரெண்டு கொட்டாங்குச்சி. ஒரு செம்பு தண்ணி."

"எதுக்கு சாமி?"

"பசிக்குது."

எல்லாம் வந்தது. அவர் கொல்லையில் கிடந்த மூன்று கல்லை அடுப்பாக வரிசையாக வைத்துக் குனிந்து ஊதினார். நெருப்பும் இல்லை, சுள்ளியும் இல்லை. மறுபடி ஊதினார்.

"சே, பத்த மாட்டேங்குதே!"

தெய்வானை எட்டிப் பார்த்தாள். அடுப்புக்கல்லை யாராவது வரிசையாக வைப்பார்களா? கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, நடுக்கல்லைப் பின்னால் தள்ளி முக்கோணமாக்கினாள். கொட்டாங்குச்சியை மேலே ஏற்றினாள்.

அடிகள் தவிட்டில் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். செங்கல்லைத் தரையில் தேய்த்துக் குழம்புக்குப் பொடி எடுத்தார். தெய்வானையின் கையும் தவிட்டுக்குள் போனது. மணிக்கட்டுவரை புதைத்து, விரலை விரித்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். கொட்டாங்குச்சியை இறக்கப்போன அடிகள் வெடுக்கென்று கையை உதறினார்.

"ஸ்ஸ்... சுட்டுடுச்சு!"

அவள் அவர் விரல்களைப் பிடித்து உஃப் உஃப் என்று ஊதிவிட்டாள். பூவரசு இலை பறித்து வந்து அவர் முன் போட்டுப் பரிமாறினாள். அவர் உருட்டி, வாய்வரை கொண்டுபோய், வெறும் வாயை நன்றாக மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்லையே, தாயி."

அவள் ஓடிப்போய் வாசல் கோலத்திலிருந்து ஒரு சிட்டிகை மாவு கிள்ளி வந்து இலையில் தூவினாள்.

"இப்ப?"

தணிகாசலம் கதவைப் பிடித்துக்கொண்டான். எத்தனை நாள் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு! கண்ணில் நீர் முட்டியது.

"இப்ப சரியா இருக்கு" என்றார் அடிகள். வயிற்றைத் தடவிக்கொண்டு இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

தெய்வானை இன்னும் இரண்டு இலை பறித்தாள். ஒன்றைப் போட்டு, "அப்பாவுக்கு" என்றாள். பக்கத்தில் மற்றதைப் போட்டாள். அதில்தான் சோறு கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

"அம்மாவுக்கு."

தணிகாசலம் அடிகளை ஓரமாக அழைத்துப்போனான்.

"பேசிட்டா சாமி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனா இல்லாதவளுக்கு இலை போடுறாளே. நான் எப்படி அங்கே போய் உட்காருவேன்? உள்ளதைச் சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆடி அமாவாசைக்கு வீட்டுல இலை போட்டியா?"

"போட்டேன்."

"என்ன வச்சே?"

"அவளுக்குப் பிடிச்ச பாகற்காய்க் குழம்பு. பருப்பு வடை."

"அப்புறம்?"

"காக்காயைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் வரலை. அழுகையா வந்துச்சு. அப்புறம் ஒண்ணு வந்து சாப்பிட்டுச்சு."

"யார் வந்து சாப்பிட்டது?"

"அவதான் சாமி."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. தணிகாசலம் கொல்லையைப் பார்த்தான். குழந்தை அம்மாவின் இலைக்கு எதிரே குந்தி, கொட்டாங்குச்சியைச் சரித்துக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் இலைக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது.

அடிகள் கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார்.

"அவ தனியாச் சாப்பிடுறா. போய்ப் பக்கத்துல உட்காரு."