காய் வராத பக்கம்

மருதங்காட்டில் கொம்பையா என்றொரு கருங்குரங்கு இருந்தார். ஆட்டக்காரர்களை எடைபோடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று காடே சொல்லும். கேட்டுக் கேட்டு அவரும் அதை நம்பிவிட்டார்.

அந்த வட்டாரத்தில் விளாங்காய் ஆட்டம் பேர்போனது. எறிபவர் விளாங்காயைத் தூக்கி எறிவார். அவர் அணியின் ஓட்டக்காரர் பாய்ந்து போய் அதைப் பிடிக்க வேண்டும். எதிரணியின் ஓரக்காவலர் ஓட்டக்காரரை ஒட்டியே ஓடி, காய் அவர் கைக்குச் சேராமல் தடுக்க வேண்டும். குளக்கரைத் திடலில் ஆடும் குட்டிகளில் நன்றாக ஆடுபவர்களைப் பெரிய காடுகள் தங்கள் அணிக்கு அழைத்துப் போகும்.

மருதங்காட்டு அணிக்கு அந்த வருடம் ஓர் ஓரக்காவலர் தேவைப்பட்டார். அணித் தலைவரான கரடி, கொம்பையாவைக் குளக்கரைக்கு அனுப்பினார்.

திடலின் இடது ஓரத்தில் சீறன் என்ற காட்டுப்பூனை காவல் நின்றான். வலது ஓரத்தில் மிளகி என்ற கீரி நின்றாள். எதிரணியில் எறிந்தவன் துதியன் என்ற யானைக்குட்டி.

துதியன் எறிந்த காய்களெல்லாம் சீறன் பக்கமே போயின. சீறன் வில்லாக வளைந்து எம்பினான். சில காய்களை வானத்திலேயே பிடித்தான். பல காய்கள் அவனைத் தாண்டிப் போய் ஓட்டக்காரர் கையில் விழுந்தன. ஆனால் அவன் பிடித்தபோதெல்லாம் கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரத்தில் மற்றவை கொம்பையாவின் கண்ணில் படவில்லை.

மிளகியோ தன் பக்கத்து ஓட்டக்காரனை நிழல்போல ஒட்டிக்கொண்டு ஓடினாள். அவள் பக்கம் ஒரு காய்கூட வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கொம்பையா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சீறன்தான் எங்கள் ஆள்!"

மிளகி தயங்கித் தயங்கி முன்னே வந்தாள். "ஐயா, என் ஆட்டம் எப்படி இருந்தது?"

"நீ எங்கே ஆடினாய்? ஒரு காயையாவது தொட்டாயா?"

"என் பக்கம் காயே வரவில்லையே, ஐயா!"

"சோம்பேறிகள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்!" என்று கொம்பையா சிரித்தார். கூட்டமும் சிரித்தது. மிளகி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்தது. மருதங்காட்டுக்கும் மூங்கில்காட்டுக்கும் பெரிய ஆட்டம் வந்தது. தோற்ற காடு அந்தக் கோடை முழுவதும் ஆற்று மடுவை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூங்கில்காட்டு அணியைப் பார்த்ததும் கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எறிபவனாகத் துதியன் நின்றான். ஓரக்காவலில் மிளகி நின்றாள்!

ஆட்டம் தொடங்கியது. துதியன் முதல் காயைச் சீறன் பக்கம் எறிந்தான். சீறன் காயையே பார்த்து எம்பினான். ஓட்டக்காரன் சட்டென்று திரும்பி, அவனுக்குப் பின்னால் நழுவிப் போய்ப் பிடித்தான். மறுபடியும் அதே பக்கம். மறுபடியும் அதே கதை! சீறன் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் நொண்டவே ஆரம்பித்துவிட்டான்.

மறுபுறம், மருதங்காட்டுக்காக எறிந்த மந்தி காயைக் கையில் வைத்துக்கொண்டு மிளகி பக்கம் பார்ப்பாள். அங்கே ஓட்டக்காரன் நகர இடமே இருக்காது. உடனே வேறு பக்கம் எறிவாள். கொம்பையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மிளகி பக்கம் காய் வராததற்குக் காரணம் மிளகிதான்!

மருதங்காடு தோற்றது. மடு போயிற்று.

"இந்தப் பூனையால்தான் எல்லாம் போச்சு!" என்று மான்கள் கத்தின. "அடித்துத் துரத்துங்கள்!" என்றது பன்றிக்கூட்டம். சீறன் வாலைச் சுருட்டிக்கொண்டு புதர் ஓரமாக ஒடுங்கினான்.

கொம்பையா மரத்தின் மேல் இலைகளுக்குள் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

சீறன் தேம்பியபடி கரடியிடம் சொன்னான்: "என்மேல்தான் தப்பு, தலைவரே. கொம்பையா ஐயா நம்பிக் கூட்டி வந்தார். நான் அவர் பேரைக் கெடுத்துவிட்டேன்."

கொம்பையாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அதற்குமேல் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. கீழே இறங்கினார்.

"அவனை விடுங்கள்!" என்றார். "தோற்றது அவனால் இல்லை. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. அவன் பிடித்ததை எண்ணினேன், விட்டதை எண்ணவில்லை. மிளகியை வேண்டாம் என்று தள்ளியதும் நான்தான்."

கரடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்ல இவ்வளவு நேரமா, கொம்பையா?" என்று மட்டும் கேட்டார்.

கொம்பையா தலைகுனிந்தபடியே மிளகியிடம் போனார். "என்னை மன்னித்துவிடு, அம்மா. அன்றைக்கு உன்னை யார் எடுத்தார்கள்?"

"துதியன்தான் மூங்கில்காட்டாரிடம் சொன்னான். 'அவள் பக்கம் எறிய எனக்குப் பயம், அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்' என்றான்."

கொம்பையா துதியனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் என்னை எடுக்காததில் எனக்கு வருத்தம் இல்லை, ஐயா," என்றாள் மிளகி. "எல்லார் முன்னாலும் சோம்பேறி என்றீர்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் நின்றாள்."

சொல்லிவிட்டு அவள் சீறனிடம் போனாள். "காயைப் பார்க்காதே. ஓட்டக்காரன் இடுப்பைப் பார். இடுப்பு திரும்பும் பக்கம்தான் அவன் திரும்புவான்," என்றாள். சீறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

மறுநாள் காலை கொம்பையா குளக்கரைக்குப் போனார். குட்டிகளும் பெரியவர்களும் தண்ணீர் குடிக்கக் கூடியிருந்தார்கள். மிளகியின் அம்மாவுக்கு எதிரில் போய் நின்றார்.

"உங்கள் மகள் சோம்பேறி இல்லை. அவளைவிட நல்ல ஓரக்காவலரை நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் கண் இல்லாமல் போயிற்று," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

இப்போதும் கூட்டம் சிரித்தது. இந்தமுறை அவரைப் பார்த்து. தாய்க்கீரி மட்டும் சிரிக்கவில்லை. கொம்பையாவும் தண்ணீர் குடிக்கக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நீதி: கண்ணுக்குத் தெரியும் சாகசத்தை மட்டும் எண்ணி ஒருவரை எடைபோடாதே, அவர் நடக்காமல் தடுத்த கெடுதலையும் சேர்த்துப் பார்ப்பவனே சரியாக எடைபோடுகிறான்.